பத்து மணி ஷிப் கேன்சல்

தீவுக்கு வந்து, பெரார்கஞ்ச் என்கிற ஊரில் இறங்கி வைஜெயந்தி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஷிப்பிங் மேடம் வீடு என்று கேளுங்கள், தெருநாய்கூட முன்னால் ஓடி வழிகாட்டும். பஸ் நிற்கும் இடம், அழகர்சாமி மளிகைக்கடை இரண்டையும் தாண்டி, வயலோரமாகப் போகிற பாதையில் மூன்றாவது வீடு. ஆனால் வைஜெயந்திக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை அவள் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரும் ஐந்து வருஷமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுவிட்டு, "அது சரி மேடம், அடுத்த மெயின்லேண்ட் ஷிப் என்னைக்கு?" என்கிறது.

ஊரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவள் பார்க்கிற வேலை அப்படி. பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற பெரிய கம்பெனி. சேலை முதல் சீப்பு வரை செல்போனிலேயே விற்கிற ஆப் அவர்களுடையது. அதற்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் தனி. எழுதியதை வாங்கி, ஓடுகிற இயந்திரங்களில் ஏற்றி, விழுந்தால் தூக்கி நிறுத்தி, ராப்பகலாக நிற்காமல் ஓடவைக்கிறவர்கள் தனி. அந்த இரண்டாவது கூட்டத்துக்கு டெவ்ஆப்ஸ் டீம் என்று பெயர். அதில் பதினொரு பேர். அவர்களுக்கு லீட் வைஜெயந்தி.

இந்தத் தொழிலுக்கு வார்த்தைகள் வைத்த மகராசன்கள் யாரோ, கண்டிப்பாக ஏதாவது துறைமுகத்தில் உட்கார்ந்துதான் வைத்திருக்க வேண்டும். புது நிரலை வெளியே விட்டால் அது 'ஷிப்' பண்ணுவது. நிரலை அடைத்து அனுப்புகிற பொட்டலம் 'கண்டெய்னர்'. அது உள்ளே வெளியே பேசுகிற வாசல் 'போர்ட்'. காற்றுக்கு ஆசைப்பட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்போனை மாட்டியதால் தன் குரல் தனக்கே கேட்காமல், "போர்ட்ட மூடு! நாலு கண்டெய்னர் செத்துப்போச்சு!" என்று ஒருத்தி கத்தினால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்? போதாக்குறைக்கு அவள் புருஷன் சுரேந்தருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல் ஏறுகிற துறையில், டிக்கெட் கவுண்டரில் வேலை. புருஷன் டிக்கெட் கொடுக்கிறான், பெண்டாட்டி கப்பலை அனுப்புகிறாள். ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நாலு கண்டெய்னர் செத்த அன்று அழகர்சாமி கடையில் வெங்காயம் காணாமல் போயிற்று. இருந்த மூட்டைகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு மனுஷன் கல்லாவில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். "நடுக்கடல்ல நாலு கண்டெய்னர் போயிடுச்சாமே மேடம், இனிமே சரக்கு எப்ப வருமோ" என்று வைஜெயந்தியிடமே துக்கம் விசாரித்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அது வேற கண்டெய்னர் அண்ணே, அதுல வெங்காயம் வராது என்று மன்றாடிய பிறகுதான் மூட்டை வெளியே வந்தது. அப்போதும் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை.

வைஜெயந்தி இந்தத் தீவில் பிறந்தவள். அப்பா பொதுப்பணித்துறையில் ரோடு மேஸ்திரியாக மெயின்லேண்டிலிருந்து வந்து, திரும்பிப் போக மறந்துபோனவர். அவள் படிக்க அக்கரைக்குப் போனாள், பிறகு பெங்களூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும் அந்த ஊரில், பஸ் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டே லீடாக உயர்ந்தாள். கொரோனாவுக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்த சமயம் பார்த்து கடலுக்கடியில் கேபிள் போட்டு நல்ல நெட் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தோடு பெங்களூருக்கு ஒரு கும்பிடு. ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் அவளிடம் பெரிய பதிலெல்லாம் இல்லை. அவளுக்கு இந்த ஊர் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பிடித்தத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நந்தகுமார் என்று புது வைஸ் பிரசிடெண்ட் வந்தார். கோயமுத்தூர்க்காரர், தன்மையாகப் பேசுகிறவர். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். "லீட்னா டீமுக்கு நடுவுல உக்காரணுங்க. ஒரு அவசரம்னா தோளைத் தட்டிக் கேக்கறதுக்கு ஆள் வேணுமுங்க. நீங்க தீவுல உக்காந்துட்டு எப்படிங்க?" என்று வந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். கடைசியில் முடிவாக ஒன்று சொன்னார். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பண்டிகை விற்பனை தொடங்குகிறது. அதற்கு முன்னால் புது ஆப்பை வெளியே விட வேண்டும். அதை வைஜெயந்தி அங்கிருந்தே சிக்கலில்லாமல் நடத்திக்காட்டினால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஜூன் ஒன்றாம் தேதி பெங்களூர். வர முடியாதென்றால் லீட் வேலை வேறு ஒருவருக்கு.

வைஜெயந்திக்கு இதில் பயம் நந்தகுமாரைப் பற்றியில்லை, சிவபிரகாஷைப் பற்றி. பெங்களூர் அலுவலகத்தில் இருக்கிற அவளுடைய அடுத்த ஆள் அவன். காரைக்குடிப் பையன், முப்பது வயதாகப்போகிறது, மூளை கத்தி மாதிரி. ஆனால் நிரலை வெளியே விடுகிற கடைசிப் பட்டனை மட்டும் சொந்தமாக அழுத்த மாட்டான். எல்லாவற்றையும் பிசிறில்லாமல் செய்துவிட்டு, விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, "அக்கா, அழுத்தட்டுமா?" என்பான். இவள் "அழுத்து" என்றால்தான் அழுத்துவான். இவள் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட போன் பண்ணிக் கேட்டிருக்கிறான். "ங்ஆ" என்று இவள் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டு அழுத்தியிருக்கிறான். உன்னால முடியும்டா, நீயே முடிவெடு என்று இவளும் இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவன் கேட்கும்போது இவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

புதன்கிழமை வந்தது. பத்து மணிக்கு ரிலீஸ் என்று திட்டம். பக்கத்து வீட்டு ராசம்மாவுக்கும் அன்றைக்குத்தான் பயணம். அவள் மகள் இந்திராணி கேம்ப்பெல் பேயில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தீவுகளிலேயே தெற்குக் கோடி, கப்பலில் இரண்டு ராத்திரிப் பயணம். அடுத்த மாதம் பிரசவத்துக்கு இங்கே வருவதாக இருந்தவளுக்கு, முந்தின வாரமே அங்கேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம், ஆனால் குளிப்பாட்ட, மருந்து அரைத்துக் கொடுக்க வீட்டில் பெரிய பொம்பளை யாரும் கிடையாது. மருமகன் குழந்தையைத் தூக்கவே பயந்துகொண்டு தள்ளி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறானாம். ராசம்மா நாலு நாள் கவுண்டரில் நின்று, சுரேந்தரைத் திட்டி, கெஞ்சி, ஒரு டிக்கெட் வாங்கிவிட்டாள். பகல் ஒரு மணிக்குக் கப்பல்.

ஒன்பதே முக்காலுக்கு ராசம்மா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பிரசவ மருந்து, நல்லெண்ணெய், கருவாடு, பழைய சேலை கிழித்த துணி என்று ஐந்து மூட்டைகள் ஆட்டோவில் ஏறின. சரியாக அந்த நிமிஷம் பார்த்து, புது ஆப்பின் கடைசிச் சோதனையில் ஏதோ ஒன்று சிவப்பாக எரிய, வைஜெயந்தி வராந்தாவில் துள்ளி எழுந்தாள்.

"நிறுத்து! நிறுத்து! பத்து மணி ஷிப் கேன்சல்! இன்னைக்கு இந்த நிலைமையில போகாது. ஏத்தின கண்டெய்னர் அத்தனையும் கீழ இறக்கு!"

ராசம்மா கையில் ஆறாவது மூட்டையோடு அப்படியே நின்றாள். தன் கப்பல் பத்து மணிக்கில்லையே என்று அவள் யோசிக்கவில்லை. இந்தத் தீவில் கப்பல் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறது? ஒரு மணிக் கப்பலைப் பத்து மணிக்கு மாற்றி, பிறகு கேன்சல் செய்திருப்பார்கள். கேம்ப்பெல் பே கப்பல் கேன்சலாவது ஒன்றும் புதிதில்லை. அதுவும் சொல்கிறவள் யார், ஷிப்பிங் மேடம். "அட பாவிகளா" என்று சொல்லிவிட்டு, மேடம் சொன்னபடியே ஏற்றியது அத்தனையையும் கீழே இறக்கினாள். ஆட்டோக்காரர் வேறு சவாரி பார்த்துப் போய்விட்டார்.

இது எதுவும் வைஜெயந்திக்குத் தெரியாது. அவள் டீமோடு மல்லுக்கட்டிக் கோளாறைப் பிடித்து, ரிலீஸைப் பதினொன்றேகாலுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பத்தே முக்காலுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க எழுந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ராசம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"ராசம்மாக்கா! நீங்க இன்னும் கிளம்பலயா?"

"எங்கடி கிளம்ப? ஜஹாஸ்தான் கேன்சலாமே."

"யாரு சொன்னா?"

"கியா ரே, நீதான சொன்ன! தெருவே கேட்டுச்சே. எல்லாத்தையும் கீழ இறக்குன்னியே. இறக்கிட்டேன்."

வைஜெயந்தி உள்ளே ஓடிப் போனை எடுத்தாள். சுரேந்தருக்குப் போன் போட்டாள். அவன் கவுண்டர் கூச்சலுக்கு நடுவில், "கேன்சலா? யாரு சொன்னா? கப்பல் முன்னாலயே நிக்குது. பன்னெண்டுக்கு கேட்ட மூடிடுவாங்க" என்றான்.

"கொஞ்சம் பிடிச்சு வைக்கச் சொல்லேன்!"

"வைஜி, நான் டிக்கெட் கிழிக்கறவன். கேப்டன் இல்ல."

அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டாள். பத்து நாள் ஆகும், கடல் ஒத்துக்கொண்டால் என்றான். பஸ் போய்விட்டது, வேறு ஆட்டோ இல்லை. இருந்தது வைஜெயந்தியின் ஸ்கூட்டர் ஒன்றுதான். பாம்பூ பிளாட் வரை ஓட்டி, அங்கே வண்டியோடு ஃபெரி ஏறி சாத்தமில் இறங்கி, ஃபீனிக்ஸ் பே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ரிலீஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். தள்ளிப்போடவும் முடியாது, பன்னிரண்டுக்கு விற்பனை.

ஒரு நிமிஷம் அவள் வேலியோரம் அப்படியே நின்றாள். ஜூன் ஒன்றாம் தேதி என்று மனதுக்குள் ஓடியது. பெங்களூர் பஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது. ராசம்மா எதுவும் கேட்கவில்லை, இவளைக் குறையும் சொல்லவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எப்படிச் சொல்வது என்று போனைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வைஜெயந்தியால் தாங்க முடியவில்லை.

ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினாள். "எல்லாரும் கேளுங்க. இங்க ஒரு அம்மா என்னால ஷிப்ப விடப்போறாங்க. நான் உடனே போகணும்."

எதிர்முனையில் குழப்பம். "ஷிப் பதினொன்னேகாலுக்குத்தானேக்கா?" என்றான் சிவபிரகாஷ். "அந்த அம்மா எந்த டீம்?" என்றான் இன்னொருவன்.

"டேய், நிஜ ஷிப்புடா! தண்ணில போறது! மனுஷங்க ஏறிப்போறது! அந்த அம்மா பேத்தியப் பாக்கப் போறாங்க!"

இத்தனை நேரம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த நந்தகுமாரின் குரல் வந்தது. "வைஜெயந்தி, இப்ப எந்திரிச்சுப் போனீங்கன்னா நான் என்ன முடிவெடுப்பேன்னு தெரியுமில்லீங்க?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"நான் கத்தினதுனாலதான் சார் அவங்க மூட்டைய இறக்கினாங்க. நான்தான் ஏத்தணும்."

சிவபிரகாஷ் பதறினான். "அக்கா, அப்ப நான் பதினொன்னேகாலுக்கு... அழுத்தட்டுமா?"

"என்னைக் கேக்காத. சரின்னு பட்டா அழுத்து. படலைன்னா அழுத்தாத. சந்தேகம் வந்தா பழைய நிரலுக்கே பின்னால இழு. அவ்வளவுதான்." லேப்டாப்பை மூடினாள். ஐந்து வருஷத்தில் ஒரு ரிலீஸுக்கு நடுவில் அவள் லேப்டாப்பை மூடியது அதுதான் முதல் தடவை.

ஆறு மூட்டையில் நாலுதான் ஸ்கூட்டர் ஏற்றுக்கொண்டது. கருவாட்டு மூட்டையைக் கீழே வைக்க ராசம்மா சம்மதிக்கவில்லை, வைஜெயந்தியின் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டாள். அந்த வாசனையோடு பாக்குத் தோப்புகளையும் மேடு பள்ளங்களையும் வண்டி தாண்டியது. வழியில் பாதி தூரம் சிக்னல் கிடையாது. பதினொன்றேகால் ஆனபோது ஒரு வளைவில், எருமை ஒன்றின் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

பாம்பூ பிளாட்டில் ஃபெரி கிளம்பத் தயாராக நின்றது. கடைசி வண்டியாக இவர்களுடையது ஏறியது. தண்ணீருக்கு நடுவில் போனதும் போனில் சிக்னல் முழுசாக வந்தது. வைஜெயந்தி பார்த்தாள். மிஸ்டு கால் இல்லை. செய்தி இல்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதா, இல்லை பேச ஆளில்லாமல் எல்லாம் கவிழ்ந்துவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. சிவபிரகாஷின் நம்பர் மேல் கட்டைவிரல் போனது. கூப்பிட்டால் எடுப்பான். எடுத்தால் கேட்பான். கேட்டால் இவள் சொல்வாள், அப்புறம் அவன் ஆயுசுக்கும் சொந்தமாக அழுத்த மாட்டான். கட்டைவிரலை எடுத்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அப்படி மூடியது லேப்டாப்பை மூடியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ராசம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "உன் ஷிப்பும் இன்னைக்குத்தான் போகுதா?"

"ஆமாக்கா. ஆனா அது தண்ணில போகாது."

"அப்புறம்?"

"வயருல."

ராசம்மா கருவாட்டு மூட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "எத்தனை பேர் போவாங்க?"

"ஒரு கோடி பேர் இருப்பாங்க."

"ஏ யப்பா! அத்தனை பேருக்கும் உன் வீட்டுக்காரனா டிக்கெட் குடுக்கறான்? அதான் எனக்கு நாலு நாள் இழுத்தடிச்சானா!"

வைஜெயந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதற்குமேல் விளக்க வேண்டாம் என்று அன்றோடு முடிவெடுத்தாள்.

ஃபீனிக்ஸ் பே வாசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். கேட்காரர் கேட்டில் கையை வைத்துவிட்டார். சுரேந்தர் கவுண்டரைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து, மூன்று மூட்டையைத் தோளிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு, "பய்யா, ஏக் மினிட், ஏக் மினிட்" என்று முன்னால் போனான். ராசம்மா கருவாட்டை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கப்பல் படியில் பாதி ஏறியவள் திரும்பி, கரையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்கக் கத்தினாள்: "வைஜெயந்தி! உன் ஷிப்பும் நல்லபடியா போய்ச் சேரும்டி! கவலைப்படாத!"

கரையில் நின்றவர்களில் இரண்டு பேர் உடனே வைஜெயந்தியிடம் வந்து, அவளுடைய ஷிப் எந்தத் தீவுக்குப் போகிறது, இடம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

அவர்களிடமிருந்து தப்பித்து ஒரு தூணோரமாகப் போய் நின்று போனை எடுத்தாள். அப்போதும் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ஒரு மணி நேரமாக அவளை யாரும் தேடவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை, சுருக்கென்று வலித்தது. அந்த வலி தீர்வதற்குள் போன் அடித்தது. நந்தகுமார்.

"அந்தம்மா ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க சார். சார், நம்ம ரிலீஸ்..."

"பதினொன்னு இருபதுக்குப் பணம் கட்டுற பக்கம் படுத்துருச்சுங்க," என்றார். வைஜெயந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வைஜெயந்தியக் கூப்பிடு, வைஜெயந்தியக் கூப்பிடுன்னு கத்துனேனுங்க. சிவபிரகாஷ் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. 'சார், கொஞ்சம் வெளிய இருங்க'ன்னுட்டான். பின்னால இழுத்தான், தப்பைக் கண்டுபிடிச்சான், மறுபடி அழுத்தினான். பதினொன்னு ஐம்பதுக்கு எல்லாம் பச்சை. இப்ப சேல் ஓடிட்டு இருக்குதுங்க."

வைஜெயந்தி தூணிலிருந்து கையை எடுத்தாள்.

"அவசரத்துக்குத் தோளைத் தட்ட ஆள் பக்கத்துல வேணும்னு நான்தானுங்களே சொன்னேன்? இன்னைக்குப் பக்கத்துல இருந்தது நான் ஒருத்தன். இடைஞ்சலா இருந்ததும் நான் ஒருத்தன்தான். நீங்க அங்கயே இருங்க. ஜூனை மறந்துருங்க." பிறகு, "அந்தப் பையனுக்கு எதுக்கும் ஒரு போன் போடுங்க. இன்னும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல" என்றார்.

அவள் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏன்டா சிவா, ஒரு போன்கூட பண்ணல?"

"பண்ணினா எடுப்பீங்கக்கா."

"எடுக்கறதுக்குத்தானேடா போன்?"

"வண்டிய ஓரமா நிறுத்திட்டு எடுப்பீங்க. முடியற வரைக்கும் வைக்க மாட்டீங்க. அந்த அம்மா பேத்தியப் பாக்கப் போகணும்லக்கா."

பின்னால் கப்பல் முதல் சங்கு ஊதியது. கருவாட்டு வாசனை ஏறிப்போயிருந்த துப்பட்டாவை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"போய் முதல்ல சாப்பிடு, போ. அது வரைக்கும் போன்ல நான் பாத்துக்கறேன்."